கிளவுட் கணக்கு முடங்கிவிட்டது: டேட்டாபேஸ் பேக்கப்பை எப்படி எடுப்பது?

நூற்கண்டு:
வணக்கம். எங்கள் கிளவுட் கணக்கு இன்று காலை முடக்கப்பட்டுவிட்டது. ஏழு நாள் பேக்கப்புகளும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. வாடிக்கையாளர் ஜவுளிக்கடைக்காரர், அவருக்குத் தெரிவதற்குள் சரிசெய்தாக வேண்டும். யாராவது உடனே வழி சொல்லுங்கள்.

முல்லை:
எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு, எதற்காக முடக்கினார்கள் என்ற எதையுமே நீங்கள் சொல்லவில்லையே?

கரிசல்:
கார்டு காலாவதியாகியிருக்கும். பாக்கியைக் கட்டிவிட்டுப் பாருங்கள்.

நூற்கண்டு:
போஸ்ட்கிரெஸ் 15. பாக்கி எதுவும் இல்லை. வெளியூரிலிருந்து உள்நுழைந்ததைச் சந்தேகத்திற்குரியது என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். கடையில் பில் வழக்கம்போல் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முல்லை:
இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! பில் ஓடுகிறதென்றால் டேட்டாபேஸ் இயங்குகிறது, பூட்டப்பட்டிருப்பது கணக்கின் நிர்வாகப் பக்கம் மட்டுமே. பேக்கப்பைத் தேடுவதை விட்டுவிட்டு, பில்லிங் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் உள்ள பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு, டேட்டாபேஸுடன் இணைய அனுமதியுள்ள அதே கணினியிலிருந்து தரவு முழுவதையும் கோப்பாக நகலெடுக்கும் பிஜி டம்ப் நிரலை இப்போதே ஓட்டுங்கள். அந்தப் பயனருக்கு எல்லா டேபிள்களையும் படிக்கும் உரிமை வேண்டும். டம்ப் நிரல் 15 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும். தன்னைவிடப் புதிய சர்வரிலிருந்து எடுக்க அது மறுத்துவிடும்.

ஆலமரம்:
பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதை. ஒரே கணக்குக்குள் கிடக்கும் ஸ்னாப்ஷாட் (சேமிப்பகத்தை அந்த நொடியில் இருந்தபடி எடுத்த நகல்) பேக்கப் ஆகாது என்று இங்கே எத்தனை முறை எழுதுவது? தினமும் ஒரு டம்ப் வெளியில் எடுத்து வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

கரிசல்:
டம்ப் மட்டும் காப்பாற்றிவிடுமா ஐயா? 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லாப் தளத்தின் தரவு அழிந்தபோது, போஸ்ட்கிரெஸ் சர்வர் 9.6 ஆகவும் டம்ப் நிரல் 9.2 ஆகவும் இருந்ததால், டம்ப் சேமிக்கும் இடமே காலியாகக் கிடந்தது. கைகொடுத்தது ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்தான்.

ஆலமரம்:
அந்த ஸ்னாப்ஷாட் அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, இவருடையது அப்படியா? மேலும், காலியாகக் கிடந்ததை யாரும் திறந்து பார்க்காதது டம்ப்பின் குற்றமன்று.

முல்லை:
நூற்கண்டு, எடுத்துவிட்டீர்களா? கோப்பு இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், வேறொரு கணினியில் காலி டேட்டாபேஸில் ஏற்றிப் பாருங்கள்.

நூற்கண்டு:
மடிக்கணினியில் ஏற்றிவிட்டேன். மதியம் 2.10க்குப் போட்ட பில் வரை இருக்கிறது. கணக்கு இன்னும் திறக்கவில்லை. நன்றி.