உதவி: பெரிய எண்ணைக் கொடுத்தா ப்ரோக்ராம் 1-ன்னு காட்டுது (அவசரம்)

கொழிஞ்சாம்பாறை_அம்மா: நாளைக்குக் காலைல இங்க கேரளாவுல ஸ்கூல் கணித மேளா. பகா எண்ணா இல்லையான்னு பாக்கற ப்ரோக்ராம், பொண்ணே ஃபோன்ல எழுதினது. சின்ன எண்ணுக்கெல்லாம் சரியாச் சொல்லுது. பெரிய எண்ணுக்கு "1 பகா எண் அல்ல"ங்குது. நாங்க 1 போடவே இல்லைங்க!

வேலந்தாவளம்_பையன்: எந்த எண்ணுங்க்கா? எந்த லாங்வேஜ்?

நெல்வயல்: ஃபோன்ல இடம் இருக்காது. ஆப்பை அழிச்சுட்டு மறுபடி ஏத்துங்க.

மனக்கணக்கு: ப்ரோக்ராமே வேண்டாம். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்க, போதும்.

வேலந்தாவளம்_பையன்: எண்ணைச் சொல்லுங்க்கா மொதல்ல.

கொழிஞ்சாம்பாறை_அம்மா: 4294967297. சி மொழில எழுதினது. சார்ட்ல 3, 5, 17, 257, 65537, அடுத்து இது. எல்லாமே பகா எண்ணுன்னு எழுதிட்டா.

மனக்கணக்கு: கூட்டினா 59. 3-ல போகல. கடைசி 7, அதனால 5-லயும் போகல. பகா எண்தான்!

கணக்குப்பிள்ளை: 49-உம் 3-ல, 5-ல போகாது. அதுவும் பகா எண்ணா? அம்மா, எண்ணை முதல்லயே போட்டிருந்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. இது 2-இன் 32-ஆம் அடுக்கு, கூட்டல் 1. சி-இல் முழு எண்ணை வைக்கிற 32 பிட் 'இன்ட்' வகையில் 2147483647-க்கு மேல் நிற்காது. வண்டி மீட்டர் 99999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வருகிற மாதிரி, இங்கே 2-இன் 32-ஆம் அடுக்கு சுற்றிப் போய் மிச்சம் 1 நிற்கிறது. அதை இன்னும் பெரிய எண் கொள்ளும் 'லாங் லாங்' வகை ஆக்குங்கள். எண்ணை உள்ளே வாங்குகிற ஸ்கேன்எஃப் வரியில் %டி-யை %எல்எல்டி ஆக்க மறக்காதீர்கள்.

வேலந்தாவளம்_பையன்: வெறும் 'லாங்' பத்தாதுங்களா?

கணக்குப்பிள்ளை: விண்டோஸில் அதுவும் 32 பிட்தான். சார்ட்டும் தப்பு. 2-இன் 1, 2, 4, 8, 16, 32-ஆம் அடுக்கு, கூட்டல் 1 என்று போகிற இந்த வரிசை எண்கள் எல்லாம் பகா எண் என்று கணித மேதை ஃபெர்மா 1640-இல் நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை இந்த 4294967297-ஐ 641-ஆல் வகுத்துக் காட்டினார். 65537-க்கு அப்புறம் இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை.

மீனாட்சிபுரம்_டீச்சர்: பாப்பாவுக்கு இதையும் சொல்லுங்க. இதை வகுக்கற பகா எண் எதுவானாலும் 64-இன் மடங்கோட 1 கூட்டினதாத்தான் இருக்கும். 193, 257, 449, 577, அடுத்தது 641. அஞ்சாவதுலயே விடை! அதோட 641 = 5×128+1, 641 = 625+16. இந்த ரெண்டை மட்டும் வெச்சு, 641 இதை மீதியில்லாம வகுக்கும்னு, வகுத்தே பாக்காம நிறுவிடலாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச நிறுவல் இதுதான்.

நெல்வயல்: நடுவருங்க மலையாளிங்க. சார்ட்ல 'அபாஜ்ய சங்க்ய'ன்னு எழுதச் சொல்லுங்க.

மனக்கணக்கு: தமிழ் மீடியம் பிள்ளை ஏன் அப்படி எழுதணும்? 'பகா எண்'தான்.

நெல்வயல்: மார்க் போடறவங்களுக்குப் புரிய வேண்டாமா?

மீனாட்சிபுரம்_டீச்சர்: ரெண்டும் ஒரே பொருள்தான். பகுக்க முடியாதது. மேல தமிழ், கீழ மலையாளம் எழுதட்டும்.

மனக்கணக்கு: எல்லாத்துக்கும் விட்டுக் கொடுத்துட்டே இருந்தா எப்படி டீச்சர்?

கொழிஞ்சாம்பாறை_அம்மா: 641 × 6700417 வந்துருச்சுங்க! சார்ட்டை மறுபடி எழுதிட்டு இருக்கா. ரொம்ப நன்றி.