மாலைத் தேநீருடன் வேர்க்கடலையா, சுண்டலா?

நெல்லைக்காரி:
என் கணவருக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு ஆறு ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மாலைத் தேநீருடன் மிக்சரோ பிஸ்கட்டோ இல்லாமல் அவருக்கு ஆகாது. அவற்றை நிறுத்திவிட்டு வேர்க்கடலையோ சுண்டலோ கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வேர்க்கடலை கொழுப்பு, பித்தம் என்று மாமியார் தடுக்கிறார். பாதாம்தான் நல்லது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அன்றாடம் பாதாம் வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எதை, எந்த அளவில் கொடுக்கலாம்?

கைப்பிடி:
சகோதரி, வேர்க்கடலை உண்மையில் பருப்பு வகையைச் சேர்ந்தது. துவரையும் உளுந்தும் அதன் உறவினர்கள். 100 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. பாதாமில் 21 கிராம்தான். வைட்டமின் ஈ, சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றில் பாதாம் முந்துகிறது என்பதை மறுக்க முடியாது, ஆனால் விலை வேறுபாட்டுக்கு ஈடான வேறுபாடு அது என்று எனக்குத் தோன்றவில்லை. மாமியார் சொல்வது போலக் கொழுப்பு பாதியளவு இருப்பது உண்மையே; எனினும் அதில் பெரும்பகுதி இதயத்துக்கு நல்லது எனப்படும் நிறைவுறாக் கொழுப்பு. மாவுச்சத்தும் குறைவு என்பதால், பிஸ்கட்டைப் போல அது சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. சிக்கல் அளவில்தான் இருக்கிறது. 100 கிராமுக்கு 570 கலோரி அளவுக்கு வருவதால், 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, போதுமானது. பொட்டலத்தை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

வயிறு நிறைய வேண்டுமென்றால் சுண்டலே சிறந்தது. அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் 164 கலோரியும், 9 கிராம் புரதமும், 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. கறுப்புக் கொண்டைக்கடலையைத் தோலோடு உண்ணுங்கள். பொட்டுக்கடலை தோல் நீக்கியது என்பதால் நார்ச்சத்தில் சற்றுப் பின்தங்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் பொட்டாசியம், பாஸ்பரஸ் குறித்து மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

செம்மண்காடு:
திண்டிவனம் பக்கம் கடலை விளைவிக்கும் குடும்பம் எங்களுடையது. சத்துக் கணக்கைவிட முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சணம். ஈரம் காயாமல் மூட்டை கட்டிய கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம்; 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கைத் தேடிப் போய்த்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். வறுத்தால் அது முழுவதும் அழியாது. ஆகவே சூம்பியது, நிறம் மாறியது, கசப்பது ஆகியவற்றை வாயிலிருந்தாலும் துப்பிவிடுங்கள். சிக்கு வாடை வந்த பழைய கடலையை வாங்கவே வேண்டாம்.

ஊறவைத்தவன்:
நானும் சர்க்கரை நோயாளிதான். கடலை உடம்புக்கு நல்லது என்ற துணிச்சலில் கடலை மிட்டாயாகவே தின்று தீர்த்து, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் கூட்டிக்கொண்டேன். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாயானாலும் அதிலிருப்பது வெல்லப்பாகு என்பதை மறந்தது என் பிழை. கடலைமாவு பூசிப் பொரிக்கும் மசாலாக் கடலையும் ஏறத்தாழ மிக்சரின் தம்பிதான்.

சுண்டலால் வாயு சேர்கிறது என்றால், இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் குழைய வேகவையுங்கள். எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கடலையிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். அதே வேளையில் தேநீர் குடித்தால் அது குறையும் என்பதால், சுண்டலுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடலாம்.

நெல்லைக்காரி:
அனைவருக்கும் நன்றி. தேநீரைத் தள்ளிவைக்கச் சொன்னால் அவர் சுண்டலையே தள்ளிவைத்துவிடுவார். அதை மெல்லப் பார்க்கிறேன். நாளை அவித்த வேர்க்கடலையில் தொடங்குகிறேன். மூன்று வயதுப் பேரனும் கை நீட்டுவான், கொடுக்கலாமா?

கைப்பிடி:
முழுக் கடலையாக வேண்டாம். மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து இருப்பதால் ஐந்து வயது வரை பொடித்தோ, விழுதாக்கி இட்லியில் மெல்லியதாகத் தடவியோ கொடுங்கள். முதல் முறை ஒரு சிட்டிகை மட்டும் கொடுத்து, தடிப்போ வீக்கமோ வருகிறதா என்று கவனியுங்கள்.