புதுப்பிப்பு: மொகேகா இந்த முறை தேறிவிட்டது

பிரேசிலின் பாகியா மாநிலத்து மீன் குழம்பான மொகேகா செய்யப்போய், மீன் உடைந்து தண்ணீராகிவிட்டது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, நேற்று மறுபடி வைத்தேன். தப்பு என்னுடையதுதான்: தண்ணீர் ஊற்றினேன், கரண்டி போட்டுக் கிண்டினேன். இம்முறை மண்சட்டியில் வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் அடுக்கி, எலுமிச்சையில் ஊறிய மீனை மேலே வைத்து மூடினேன். காய்கள் விட்ட சாறே போதுமாயிருந்தது. கிண்டாமல் சட்டியை லேசாக ஆட்டிவிட்டேன். தேங்காய்ப்பாலும் இறாலும் கடைசி 5 நிமிடம்.

இதில் ஊற்றும் தெந்தே எண்ணெய்க்கு (சுத்திகரிக்காத சிவப்புப் பாமாயில்) பதில் சாதா பாமாயில் போதாதா என்று கேட்டவருக்கு: போதாது. சுத்திகரித்ததில் அந்தச் சிவப்பும் மணமும் கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைமணம் அது. கிடைக்கவில்லையா, எஸ்பிரித்து சாந்து மாநிலத்து மொகேகா செய்யுங்கள். அதில் ஆலிவ் எண்ணெய்தான், தேங்காய்ப்பாலும் இல்லை.

மீன்சாற்றில் மரவள்ளி மாவைக் கிளறும் பிரான் மட்டும் இன்னும் கட்டி தட்டுகிறது.