ஒரே 441 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, ஒண்டு தொங்கிட்டுது மற்றது நிக்குது, ஏன்?

பட்டறை_கிராண்ட்பாஸ்: பீங்கான் கோப்பையில பூ ஒட்டிச் சுடுற சூளைக்கு தட்டு அடிச்சுக் குடுக்கிறனான், 850 டிகிரி. ரெண்டு கடையில வாங்கின 441, ஒரே தடிப்பு, சேர்டிஃபிகேட்டில குரோமியம் 18 வீதம், நையோபியம் எண்டு கலக்கிற உலோகமும் ரெண்டிலயும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஒண்டு ரெண்டு மாசத்தில தொட்டில் மாதிரி தொங்கிட்டுது. ஏமாத்திப்போட்டாங்களோ?

கொதிகலன்: ஏமாத்தேல்ல அண்ணை, அது கிரீப், சூட்டில சொந்தப் பாரத்துக்கே மெல்ல இழுபடுறது. சேர்டிஃபிகேட்டில கலவையைத்தான் பெருசாப் போடுவினம், கடைசியா எத்தினை டிகிரியில அனீல் பண்ணினது, அதாவது சூடாக்கி இளக்கினது எண்டு தேடினாலும் கிடைக்காது. 1000க்கு மேல சூடாக்கி டக்கெண்டு ஆத்தினா நையோபியம் இரும்புக்குள்ள கரைஞ்சு நிக்கும், கிரெய்னும், அதாவது உலோகத்துக்குள்ள இருக்கிற பளிங்குத் துணுக்குகளும், பெருக்கும். அணுக்கள் கிரெய்ன் எல்லை வழியா நகர்ற கிரீப் எண்டா கிரெய்ன் ரெண்டு மடங்கானாலே வேகம் எட்டில ஒண்டுதான்.

மருதானை_மெக்: உது புத்தகக் கதை தம்பி. 441 மாதிரி ஃபெரிட்டிக் ஸ்டீலுக்குள்ள அணு அடுக்கு நெருக்கமில்லை, லேசா ஓடும், சூட்டில அது கஞ்சிதான். 304 ஸ்டெயின்லெஸ்ஸைப் போட்டுட்டு படுங்கோ.

கொதிகலன்: 304 சூட்டில விரியுறது 441ஐப் போல ஒண்டரை மடங்கு. தினமும் சூடாகி ஆற செதில் உரிஞ்சு கோப்பைக்குள்ள விழும், அப்ப ஆர் காசு குடுக்கிறது? கார் எக்ஸோஸ்ட்டுக்கு ஃபெரிட்டிக்கான 409உம் 441உம் போடுறது சும்மாவே?

மருதானை_மெக்: சரி விடு. ஆனா பெரிய கிரெய்ன் தகட்டை நீ மடிச்சுப் பாத்திருக்கிறியா, வெடிக்கும், வெல்டுக்குப் பக்கத்திலயும் அதே கூத்துத்தான். மற்றது 850ல மாசக்கணக்கில கிடந்தா உன்ர நையோபியம் இரும்போட சேர்ந்து லாவெஸ் எண்டுற கட்டியா வெளிய வந்திடும், பிறகு அனீல் எங்க?

கொதிகலன்: அது உண்மைதான். எண்டாலும் பொடியா கிரெய்ன் எல்லையில வந்தா அந்த எல்லையைக் கொஞ்சக் காலம் பிடிச்சு வைக்கும், பருத்தாத்தான் பிரயோசனமில்லை. அண்ணை, தொங்கின தகடு வெட்டேக்க எப்பிடி இருந்தது?

பட்டறை_கிராண்ட்பாஸ்: சரியான இறுக்கம், ரெண்டு பிளேட் போச்சு.

கொதிகலன்: அப்ப குளிர உருட்டின கையோட, அனீல் பண்ணாம வித்திருக்கிறாங்கள் போல. முதல் சூட்டிலயே உள்ளுக்க புதுசா சின்னச் சின்னக் கிரெய்ன் முளைச்சிருக்கும், பட்டறையில இருந்த இறுக்கம் சூளையில உதவாது.

மருதானை_மெக்: நேரா நிக்கிற தகட்டை மடிக்கேக்க மூலை வெடிச்சதோ எண்டும் கேளு.

பட்டறை_கிராண்ட்பாஸ்: ஓம் வெடிச்சது. மூண்டு தட்டு வீண்.

மருதானை_மெக்: ஆ.