செல்வம் மாமாவின் 14 மணி நேரம்

கார்த்திக்: (குடும்பக் குழுவில் ஃபார்வர்டு செய்த செய்தி) "அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்கள் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓட்டலாம்!! அரை மணி நேர ஓய்வு போதுமாம்!!"

கார்த்திக்: செல்வம் மாமா, நீங்கள் அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறவர்தானே, இது உண்மையா?

வசந்தி: 14 மணி நேரமா? தம்பி, நீ என்னிடம் சொன்னதே இல்லையே.

செல்வம்: அக்கா, பதறாதே. எழுதியவர் இரண்டு எண்ணைக் குழப்பிவிட்டார். ஓட்டக்கூடியது 11 மணி நேரம். 14 வேறு கணக்கு. காலையில் வேலையைத் தொடங்கிய நிமிடத்திலிருந்து 14 மணி நேரம் எண்ணுவார்கள். அந்த 11 மணி நேரத்தையும் அதற்குள் ஓட்டி முடித்துவிட வேண்டும். 14 முடிந்த பிறகு, அன்று ஓட்டியது 5 மணி நேரம்தான் என்றாலும் ஓட்டக் கூடாது. அடுத்து தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு.

செல்வம்: அரை மணி நேரம் என்பது உண்மை. 8 மணி நேரம் ஓட்டியாகிவிட்டால் 30 நிமிடம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. 2020இலிருந்து அந்த நேரத்தில் டீசல் போடுவது, சரக்கு இறக்கக் காத்திருப்பது எல்லாமே இடைவேளையாகக் கணக்காகிறது.

வசந்தி: அப்போது நல்ல சட்டம்தானே? எனக்கு இப்போதுதான் நிம்மதி.

செல்வம்: சட்டம் நல்லதுதான் அக்கா. அது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 14 மணி நேரத்தைச் சாப்பிடுவது யார் தெரியுமா? சாலை இல்லை. கிடங்கு.

கார்த்திக்: மாமா, நான் கிடங்கில் வேலை செய்கிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள் 😀

செல்வம்: உன்னிடம் சொல்லத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். காலை 6 மணிக்குத் தொடங்குகிறேன் என்று வை. 8 மணிக்கு உங்கள் மாதிரி ஒரு இடத்தில் சரக்கு ஏற்ற அப்பாயின்ட்மென்ட். சரக்கு ஏற்றும் மேடை (டாக்) காலியில்லை, ஆள் இல்லை, பேப்பர் வரவில்லை என்று பகல் 1 மணிக்கு விடுகிறார்கள். இரவு 8 மணிக்கு என் 14 முடிந்துவிடும். எனக்கு மிச்சம் 7 மணி நேரம். போய்ச் சேர வேண்டிய இடமோ 9 மணி நேரம். காத்திருந்த 5 மணி நேரத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

செல்வம்: எனக்குக் கூலி மைலுக்கு இவ்வளவு என்று. நின்ற நேரத்துக்கு மைல் ஏது? முதல் இரண்டு மணி நேரம் இலவசம் என்பது இந்தத் தொழிலில் வழக்கம். அதற்கு மேல் கொடுத்தால் உண்டு. ஓவர்டைமும் மத்தியச் சட்டப்படி கட்டாயம் இல்லை. 1938இல் வந்த கூலிச் சட்டமே மாநிலம் தாண்டி ஓட்டுகிறவர்களை அதிலிருந்து விலக்கி வைத்துவிட்டது. நேரத்தை அளக்க ஒரு சட்டம், கூலியை அளக்க வேறொரு கணக்கு. இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை.

பாலு சித்தப்பா: நாங்கள் ஓட்டிய காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. விடிய விடிய ஓட்டுவோம்.

தேவி: அதில் எத்தனை பேர் மரத்தில் மோதினார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள் சித்தப்பா.

பாலு சித்தப்பா: அது சரிதான். ஆனால் சட்டமே இல்லை என்று நினைக்காதே. இந்தியாவில் 1961இலேயே எழுதிவிட்டார்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, ஐந்து மணி நேர வேலைக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு. அந்தச் சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த நிறுவனத்துக்குத்தான் பொருந்தியது. என் முதலாளிக்கு இரண்டே வண்டி. எனக்கு எது பொருந்தும்? பொருந்திய இடத்திலும் கேட்க ஆள் வந்து நான் பார்த்ததில்லை.

செல்வம்: இங்கே கேட்கிற ஆள் வண்டிக்குள்ளேயே இருக்கிறான் சித்தப்பா. 2017 டிசம்பரிலிருந்து எலெக்ட்ரானிக் லாக், அதாவது ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவி, கட்டாயம். எஞ்சினோடு இணைத்திருப்பார்கள். மணிக்கு 5 மைல் வேகத்தை எட்டினாலே "ஓட்டுகிறார்" என்று தானாகப் பதிந்துவிடும். பேப்பர் லாக் இருந்த காலத்தில் தூங்காமலே பேனாவால் தூங்கியவர்கள் நிறையப் பேர். அது போனதில் எனக்கு வருத்தமில்லை. அனுப்புகிற ஆபீசும் முன்போல "எப்படியாவது போய்விடு" என்று சொல்ல முடிவதில்லை.

தேவி: அண்ணா, இங்கே ஜெர்மனியில் லாரி ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. முதலில் 15, பிறகு 30 என்று பிரித்தும் எடுக்கலாம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. இரண்டு வாரம் சேர்த்து 90 தாண்டக் கூடாது. 45 மணி நேர வார ஓய்வை வண்டிக்குள் கழிக்கவும் கூடாது, தங்கும் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும்.

செல்வம்: கூலி?

தேவி: தூரத்தைப் பார்த்துக் கூலி தருவது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் என்றால் அப்படித் தரக் கூடாது என்று அந்த ஐரோப்பிய விதியிலேயே இருக்கிறது.

செல்வம்: அந்த ஒரு வரியை இங்கே அனுப்பி வை.

தேவி: ஆனால் மாலை ஆனால் ஆட்டோபான் (இங்குள்ள விரைவுச்சாலை) ஓரம் நிறுத்த இடம் கிடைக்காது. அதில் இரண்டு நாடும் ஒன்றுதான்.

வசந்தி: நேரம் முடிந்து இடமும் இல்லையென்றால் என்ன செய்வாய் தம்பி?

செல்வம்: அதுதான் அக்கா பெரிய தலைவலி. எப்போது நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லும், எங்கே என்று சொல்லாது. இரவு 7 மணிக்கு மேல் டிரக் ஸ்டாப்பில் ஒரு இடமும் இருக்காது. அதனால் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்ட முடியும் என்றாலும் இடம் கண்ட இடத்தில் நிறுத்திவிடுவேன். அந்த மணி நேரத்துக்கும் கூலி இல்லை.

செல்வம்: 2009இல் ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர், தென் கரோலினாவில் நிறுத்த இடமில்லாமல் மூடிக் கிடந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். கொள்ளையடிக்க வந்தவன் சுட்டுக் கொன்றான். அவர் மனைவி போராடி, 2012இல் ஜேசன் பெயரிலேயே லாரி நிறுத்துமிடங்களுக்காக ஒரு சட்டம் வந்தது. இடம் இன்னும் போதவில்லை.

வசந்தி: இதை ஏன் என்னிடம் சொன்னாய்.

பாலு சித்தப்பா: எனக்கு ஒன்று புரியவில்லை செல்வம். 10 மணி நேரம் ஓய்வு என்கிறாய். தூக்கம் வரவில்லை என்றால்?

செல்வம்: சரியான கேள்வி. பகல் 11 மணிக்கு ஓய்வு தொடங்கினால் யாருக்குத் தூக்கம் வரும்? புரண்டு படுத்துவிட்டு இரவு 9 மணிக்குக் கிளம்பினால், விடியற்காலை 3 மணிக்குக் கண் சொக்கும். லாக்கில் பார்த்தால் நான் முழுதாக ஓய்வெடுத்தவன். வண்டிக்குள் ஸ்லீப்பர் பெர்த் (படுக்கை) இருந்தால் 7 மணி நேரம், 3 மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம், அப்படிச் செய்தால் 14 கணக்கும் அந்த நேரத்துக்கு நிற்கும். தெரிந்து பயன்படுத்தினால் அது பெரிய உதவி. புதியவர்கள் கணக்கு தப்பிவிடும் என்று பயந்து தொடுவதில்லை.

கார்த்திக்: மாமா, எங்கள் பக்கமும் ஒன்று சொல்கிறேன். காலை 8 மணிக்கே பத்து வண்டிக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது நாங்கள் இல்லை, மேலே இருக்கிறவர்கள். டாக்கோ ஆறுதான்.

செல்வம்: தெரியும்டா. உன் மேல் கோபம் இல்லை. ஒன்று மட்டும் கேள். சரக்கு இறக்கி முடிப்பதற்குள் ஓட்டுநரின் நேரம் முடிந்துவிட்டால், உங்கள் யார்டில் இரவு நிற்க விடுவீர்களா?

கார்த்திக்: இல்லை. செக்யூரிட்டி வெளியே அனுப்பிவிடுவார்.

செல்வம்: பக்கத்தில் பாதுகாப்பான இடத்துக்கு லாக்கில் "சொந்த நகர்வு" (வேலைக்காக இல்லாத ஓட்டம்) என்று போட்டு வண்டியை எடுக்க அனுமதி உண்டு. ஆனால் எல்லா நிறுவனமும் அதை விடுவதில்லை. பிறகு எங்கே போவான்? கேட்டுக்கு வெளியே ரோட்டோரம்தான்.

கார்த்திக்: பின்பக்கம் காலி டிரெய்லர் நிற்கும் இடத்தில் ஏழெட்டு வண்டி தாராளமாக நிற்கும். திங்கட்கிழமை மேனேஜரிடம் பேசிப் பார்க்கிறேன்.

செல்வம்: பேசு. கழிப்பறைச் சாவியும் கேள், அதையும் சேர்த்து.

வசந்தி: சரி, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலுக்கு வருவாயா?

செல்வம்: 8 நாளில் 70 மணி நேர வேலை என்று இன்னொரு வரம்பு இருக்கிறது அக்கா. சனிக்கிழமை அது தீர்ந்துவிடும். அப்புறம் 34 மணி நேர ஓய்வு, ஒரே இடத்தில்தான். ஞாயிறு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

பாலு சித்தப்பா: காலை 5 மணிக்குக் கூப்பிடலாமா?

செல்வம்: சித்தப்பா, ப்ளீஸ்.