ஆர்.ஓ.பி. தானாகச் சரியான பிறகும் மகளின் பார்வையில் குறை ஏன்?

காவிரிக்கரை:
வணக்கம். என் மகள் 29 வாரத்தில், 1,150 கிராம் எடையில் பிறந்தவள். என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தபோதே இரு கண்களிலும் இரண்டாம் நிலை ஆர்.ஓ.பி., அதாவது குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய், கண்டறியப்பட்டது. லேசர் தேவைப்படாமல், இரத்தக் குழாய்கள் விளிம்புவரை வளர்ந்ததும் கவலையில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது யு.கே.ஜி. படிக்கிறாள். மைனஸ் 3 பவர் கண்ணாடி போட்டும் பார்வைப் பலகையில் 6/9 வரிக்குக் கீழே படிப்பதில்லை. மாலையில் விளக்குப் போடாத அறைக்குள் போகச் சொன்னால் நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறாள். அண்மையில் எடுத்த ஓ.சி.டி.யில் (விழித்திரை அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) விழித்திரையின் மையக்குழி ஆழம் குறைவாக உள்ளதாக எழுதியிருக்கிறார்கள். நோய் சரியாகிவிட்டதென்றால் இவையெல்லாம் எதனால்?

கண்பரிசோதகர்:
உங்களிடம் சரியாகிவிட்டது என்று சொன்னது இரத்தக் குழாய்களைப் பற்றி மட்டுமே. அவை கருவின் 16ஆம் வாரத்தையொட்டிப் பார்வை நரம்பருகே புறப்பட்டு, மூக்குப் பக்க விளிம்பை 36 வாரத்திலும் காதுப் பக்க விளிம்பை 40 வாரத்திலும் ஏறத்தாழ எட்டுகின்றன. 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு, கருப்பையில் இருந்ததைவிட அதிகமான ஆக்சிஜன் திடீரெனக் கிடைப்பதால் அந்த வளர்ச்சி வழியிலேயே தடைப்படுகிறது. பிறகு விழித்திரையின் தேவை கூடும்போது, வளர்ச்சிக் காரணிகள் அளவுக்கு மீறிச் சுரந்து தாறுமாறான குழாய்களை உண்டாக்குகின்றன.

அந்தத் தேவையைக் கூட்டுபவற்றுள் முக்கியமானவை குச்சி செல்கள். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் இவை ஆக்சிஜனை ஏராளமாகச் செலவழிப்பவை, வேகமாக முதிர்வதும் இதே வாரங்களில்தான். பாஸ்டனில் ஆனி ஃபுல்டன் குழுவினர் இ.ஆர்.ஜி. (ஒளி படும்போது விழித்திரையில் எழும் மின் சைகையை அளக்கும் சோதனை) பதிவுகளின் மூலம், ஆர்.ஓ.பி. வந்த குழந்தைகளின் குச்சி செல்களுடைய உணர்திறன் குறைந்திருப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

மையக்குழியின் கதை வேறு. உள்ளடுக்குச் செல்கள் நடுவிலிருந்து விலகிச் செல்வதால் உண்டாகும் பள்ளம் அது. குறைமாதக் குழந்தைகளில் அவை முழுதும் விலகாமல் அங்கேயே தங்கிவிடுவதுண்டு. படத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம், ஏனெனில் ஆழமற்ற குழியோடு நன்றாகப் படிக்கும் குழந்தைகள் பலர். ஐந்து வயதில் 6/9 என்பதும் பெரிய குறையன்று. மைனஸ் பவருக்குப் பெரும்பாலும் காரணம், கண் நீண்டுவிட்டது என்பதைவிட, கருவிழி கூடுதலாக வளைந்தும் லென்ஸ் தடித்தும் இருப்பதே.

இரட்டையர் அம்மா:
சகோதரி, என் மகன் 27 வாரத்தில் பிறந்து லேசர் செய்துகொண்டவன். அவன் படி இறங்கும்போது ஒவ்வொரு படியையும் காலால் துழாவிப் பார்ப்பான். விழித்திரை நன்றாக இருக்கிறதென்றே எல்லோரும் சொன்னார்கள். கடைசியில், மூளையில் பார்வை நரம்பிழைகள் செல்லும் வெண்பகுதியில் குறைப்பிரசவத்தால் வந்த பாதிப்பே கீழ்ப்புறப் பார்வையைக் குறைத்திருந்தது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. கூட்டத்தில் ஒருவரைத் தேடுவதிலும், நெருக்கமாக அச்சிட்ட பக்கத்தைப் படிப்பதிலும் உங்கள் மகள் திணறுகிறாளா என்று கவனியுங்கள்.

காவிரிக்கரை:
இருவருக்கும் நன்றி. படிகளில் அவளுக்குத் தடுமாற்றமில்லை. இருட்டுக்காக இ.ஆர்.ஜி. செய்ய வேண்டுமா?

கண்பரிசோதகர்:
முதலில் குழந்தைகள் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டாம் நிலையோடு நின்ற ஆர்.ஓ.பி.யால் குச்சி செல்களில் வரும் குறை பெரும்பாலும் கருவியில்தான் தெரியும். வாசலிலேயே நிற்குமளவுக்கு இருக்குமா என்பது எனக்கு ஐயமே. வெறும் இருட்டுப் பயமாகவும் இருக்கலாம், வைட்டமின் ஏ குறைவாகவும் இருக்கலாம், பரம்பரை விழித்திரை நோய் இல்லை என்பதையும் உறுதிசெய்தாக வேண்டும். இ.ஆர்.ஜி. தேவையா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். ஆண்டுதோறும் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்ப்பதையும், மாறுகண், சோம்பேறிக் கண் (ஒரு கண்ணின் பார்வையை மூளை சரியாகப் பயன்படுத்தாமல் விடுவது) இருக்கிறதா என்று சோதிப்பதையும் விடாதீர்கள். சோம்பேறிக் கண்ணுக்கு நல்ல கண்ணை மறைத்துக் கொடுக்கும் பயிற்சி ஏழெட்டு வயதுக்குள்தான் நன்றாகப் பலன் தரும்.