டெக்சஸ் பண்ணையில் இரும்பு இலக்கு: எந்தத் தகடு, எப்படித் தொங்கவிடுவது?

கேள்வி: 500 கெஜத்தில் .308 அளவுக் குண்டு போடும் ரைபிளில் சுட்டுப் பயிற்சி செய்ய இலக்கு வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய சாதா தகட்டில் நாலே குண்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. வேறு எதை வாங்கலாம்?

பதில்: முதலில் அதைக் கழற்றுங்கள். குழியில் படும் குண்டின் சிதறல் உங்கள் பக்கமே திரும்பும். ஏஆர்500 (தேய்மானம் தாங்கக் கடினமாக்கிய எஃகு), 3/8 அங்குலக் கனம் போதும். கேஸ் டார்ச்சில் வெட்டியது வேண்டாம். சூடுபட்ட ஓரம் கடினம் இழந்துவிடும்.

இன்னொருவர்: நான் சங்கிலியில்தான் மாட்டினேன். ஒரு குண்டு கண்ணியை அறுத்து, தகடு புல்லில் கிடந்தது. இப்போது சங்கிலிக்குப் பதில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டில் (தண்ணீர் பீய்ச்சும் வளையும் துணிக் குழாய்) மாட்டியிருக்கிறேன். அப்புறம், மேல்விளிம்பு உங்கள் பக்கம் சற்றுச் சாயட்டும். சிதறல் மண்ணுக்குப் போகும்.

கேட்டவர்: சரி, தகடு சொல்லியாச்சு. குழாய்க்கு எங்கே போவது?

இன்னொருவர்: எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தில் கழித்ததைச் சும்மாவே தந்தார்கள்.